உதடு படித்த வருஷம்

உலகச் சண்டை முடிந்ததற்கு அடுத்த வருஷம் எனக்கு இருபத்தாறு வயது. அருப்புக்கோட்டையில் எங்கள் சபை நடத்திய பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். இருந்தேன் என்பதைவிட இருக்க விட்டிருந்தார்கள் என்பதுதான் சரி. அதற்கு முந்தின கோடையில் விஷக் காய்ச்சல் வந்து மூன்று வாரத்துக்கு மேல் படுத்துக் கிடந்தேன். எழுந்து உட்கார்ந்த அன்று அம்மாவின் கை தவறிக் கஞ்சிக் கிண்ணம் தரையில் விழுந்தது. கிண்ணம் உருண்டது, கஞ்சி சிந்தியது, சத்தம் மட்டும் வரவில்லை. இரண்டு காதும் அடியோடு போயிருந்தன.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் வரிசையாக நின்று வாயை மட்டும் வெகு ஒழுங்காக அசைத்தார்கள். நானும் சபாஷ் சொல்லி உட்காரவைத்தேன். தலைமை ஆசிரியர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு என்னைத் தையல் வகுப்புக்கு மாற்றினார்.

அந்த ஒரு வருஷமும் நான் செய்த பெரிய வேலை தலையாட்டியதுதான். யார் என்ன சொன்னாலும் சிரித்த முகமாகத் தலையாட்டிவிடுவேன். 'என்ன, என்ன' என்று திரும்பத் திரும்பக் கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் சலித்துப்போகும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. அவர் என்னிடம் ஏதோ கேட்டார், தலையாட்டினேன். இன்னொன்று கேட்டார், இன்னும் நன்றாக ஆட்டினேன். அவர் போன பிறகு தலைமை ஆசிரியர் சிலேட்டில் எழுதிக் காட்டினார். பிள்ளைகளைப் பிரம்பால் அடிப்பதுண்டா என்பது முதல் கேள்வி. தினமுமா என்பது இரண்டாவது.

அந்தச் சமயத்தில்தான் ஐயரின் தங்கை ஊருக்கு வந்தாள். எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தங்கைக்கு இருபத்தொரு வயது. தெற்கே காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டு வருஷம் பாடம் நடத்தியவள். அண்ணிக்குப் பிரசவம் என்று ஒத்தாசைக்கு வந்தவள், வந்த இரண்டாவது வாரமே, காது போன பெரியவர்களுக்குச் சனிக்கிழமை காலையில் வகுப்பு நடத்தப் போவதாக ஊரெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டாள். எந்தத் தெருக்காரரும் வரலாம், எந்தச் சாமி கும்பிடுகிறவரும் வரலாம் என்று சொல்லியிருந்தாள்.

முதல் சனிக்கிழமை ஆறு பேர் வந்தோம். அதில் மூன்று பேர் காதுக்கு எண்ணெய் விடுவார்கள் என்று நினைத்து வந்தவர்கள். எண்ணெய்க்குப் பதிலாக ஆளுக்கொரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மிஞ்சியது மூன்று பேர். நான் ஒருத்தி. கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற பெரியவர் ஒருவர். பட்டாளத்திலிருந்து திரும்பியவர் ஒருவர்.

எங்களைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவரை அவள் பாடம் நடத்தியதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு. இங்கே அவளுடைய அப்பா வயதில் ஒரு மனிதர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு, டீச்சர் அடிப்பாளோ என்கிற மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரிக்க, எதற்கென்று தெரியாமல் நாங்களும் சிரிக்க, கால் மணி நேரம் பாடமே தொடங்கவில்லை.

பிறகு பலகையில் பெரிதாக எழுதினாள்: 'புரியாமல் தலையாட்டக் கூடாது.' எனக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. சமையல்காரருக்கு எழுத்துத் தெரியாது. அவருக்காக அவள் ஒரு முட்டாளைப்போலத் தலையாட்டி நடித்துக் காட்டி, தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டாள். புரிந்ததை நம் வாயால் திருப்பிச் சொல்லி, 'இதைத்தானே சொன்னீங்க?' என்று கேட்க வேண்டும். பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி இடம் பார்த்து உட்கார வேண்டும். கத்த வேண்டாம், என்னைப் பார்த்து மெதுவாகப் பேசுங்கள் என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். இதெல்லாம் முதல் நாள் பாடம்.

அப்புறம் உதடு. கண்ணாடியில் எங்கள் வாயை நாங்களே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னோம். ப-வுக்கும் ம-வுக்கும் உதடு ஒன்றுபோலவே மூடித் திறந்தது. க, ட, த இதெல்லாம் வாய்க்குள்ளேயே வேலையை முடித்துக்கொண்டு வெளியே ஒன்றும் காட்டாத எழுத்துகள். அதனால் பாதியைக் கண்ணால் பிடித்து மீதியைப் பேச்சின் போக்கை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும் என்றாள். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். மூன்று பெரிய மனிதர்கள் கண்ணாடியைப் பார்த்து 'பப்பப்பா' என்று சொல்லிக்கொண்டிருந்தால் கூட்டம் கூடாமல் என்ன செய்யும்.

மூன்றாவது வாரம் அவள் குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து ஒரு வாக்கியம் சொன்னாள். நானும் பட்டாளத்துக்காரரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சமையல்காரர் துள்ளி எழுந்துவிட்டார். முகமெல்லாம் கோபம். ஏதோ படபடவென்று பேசினார். அவர் பேசியதை டீச்சர் சிரிப்புத் தாங்காமல் பலகையில் எழுதினாள்.

"ஏந் தாயி, முப்பது வருசமாச் சமைக்கிறேன். என் கொழம்புல பல்லி கெடக்குன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல."

அவள் சொன்னது, குழம்பில் மல்லி கிடக்கிறது என்று. அதை அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விளங்கிய பிறகு எங்கள் எல்லாரையும்விட அதிகம் சிரித்தது அவர்தான்.

இரண்டு மூன்று மாதத்தில் எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கடைத்தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் கண்ணை நான் பார்ப்பதே இல்லை, வாயைத்தான். நூல் கடைக்காரர் சொல்வது விளங்கியது. வெற்றிலை போடுகிறவர்கள் பேச்சு விளங்கவில்லை. மல்லாங்கிணறு ரோட்டுக் கிணற்றடியில் இரண்டு பெண்கள் இருபது அடி தள்ளி நின்று, இந்தச் செவிட்டு டீச்சர் ஆளை முழுங்குகிற மாதிரிப் பார்க்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். போகிற போக்கில், முழுங்க மாட்டேன், பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒருத்தி வாளியைக் கயிற்றோடு கிணற்றுக்குள் விட்டுவிட்டாள்.

அந்த வேகத்திலேயே தலைமை ஆசிரியரிடம் போய் மூன்றாம் வகுப்பைத் திரும்பக் கேட்டேன். பரீட்சை பார்க்கலாம் என்று கூடவே வந்தார். பிள்ளைகளை ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து நிற்கவைத்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். கடைசி வரிசையில் ஒருவன் வாய் மட்டும் வேறு மாதிரி அசைந்தது. 'இந்த டீச்சருக்கு ஒண்ணும் கேக்காது, இந்த டீச்சருக்கு ஒண்ணும் கேக்காது' என்று ஏழாம் வாய்ப்பாட்டின் ராகத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் போய் நின்று, அதே ராகத்தில் அதைத் திருப்பிச் சொன்னேன். மறுநாளே எனக்கு மூன்றாம் வகுப்பு கிடைத்துவிட்டது.

இனிப் பட்டாளத்துக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சுழிக்குப் பக்கத்தில், குண்டாற்றங்கரையை ஒட்டிய ஊர் அவருக்கு. எங்கள் சபைதான். பர்மாப் பக்கம் பட்டாள லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், பக்கத்தில் குண்டு விழுந்து காது போய்த் திரும்பி வந்தார். அருப்புக்கோட்டையில் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஃபாக்டரியில் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற வேலை. காது கேட்கிறவர்கள் சத்தத்தை வைத்துக் கோளாறு கண்டுபிடிப்பார்கள். இவர் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று பேச்சு.

வகுப்பில் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து குரலில்லாமல் பேசிப் பழக வேண்டும். டீச்சர் சமையல்காரரை எடுத்துக்கொள்வாள். அதனால் எனக்கு எதிரில் எப்போதும் இவர்தான். நான் சொல்லாமலே ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பி உட்கார்வார். மீசையை எடுத்துவிட்டிருந்தார். நான் ஒரு வார்த்தையை நாலு தடவை தப்பாகப் படித்தாலும் ஐந்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே நிதானமாகச் சொல்வார். சிரிப்பு வந்தால் மட்டும் அவருக்கு அடக்கத் தெரியாது.

ஞாயிறு ஆராதனைக்குப் போகிற எங்கள் சபைக் கோயிலில்தான் எங்கள் பேச்சு வளர்ந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்காருவோம். நடுவில் வழி. நான் வழியோரமாக உட்கார்வேன், அவரும் அந்தப் பக்கம் வழியோரமாக. ஐயருக்குப் பெரிய மீசை. மேலுதடு கீழுதடு இரண்டையும் மூடிக்கொண்டு தொங்கும். அவர் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தாலும் எங்களுக்கு ஒரு மீசை ஆடுவதுதான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாளத்துக்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பி, குரலில்லாமல், ஐயர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். கத்திரிக்காய்க்குப் பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்று சொல்கிறார் என்றேன், நானும் குரலில்லாமல். அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, இல்லை, இப்போது புடலங்காய்க்கு வந்துவிட்டார் என்றார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மெதுவாகத்தான் சிரித்ததாக நினைத்தேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு நரகத்தைப் பற்றிய பிரசங்கமாம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட நாங்கள் பேசாமல் இருந்ததில்லை. மழை வருமா வராதா, ஃபாக்டரியில் யார் யாரோடு சண்டை, என் வகுப்பில் யார் நேற்று வரவில்லை, எல்லாம் பிரசங்கத்துக்குள் முடிந்துவிடும். கார்த்திகை பிறந்த சமயம் ஒரு ஞாயிறு, அவர் வெகு நேரம் என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசி ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடியதும் திரும்பினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாம ரெண்டு பேரும் கத்துக்கிடுவோமா?" என்று நான் படித்தேன். சனிக்கிழமை மட்டும் பத்தவில்லை, மற்ற நாளிலும் சேர்ந்து பாடம் பழகலாமா என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அதில் ரொம்ப இஷ்டம். ஒரு தடவைக்கு மூன்று தடவை தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, பாடத்தில் இவருக்குத்தான் எத்தனை ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டுக் கொல்லையில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தேன். அம்மா ஓடி வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பி, மூச்சுவிடாமல் ஏதோ சொன்னாள். என்னைப் பார்த்து மெதுவாகச் சொல்லும்படி கேட்டேன்.

"ஒன்னையப் பொண்ணு கேட்டு வந்திருக்காக. கோயில்ல வச்சு நீயே சரின்னு சொல்லிட்டியாம்."

"நான் எப்பச் சொன்னேன்?"

மெதுவாகக் கேட்டதாகத்தான் என் நினைப்பு. அது வீட்டைத் தாண்டித் தெருவில் மாட்டு வண்டி ஓட்டிப் போனவருக்கும் கேட்டதென்று அம்மா பிறகு சொன்னாள்.

ஈரத் தலையோடு முன்னறைக்குப் போனேன். தட்டில் பூவும் பழமும் கல்கண்டும் இருந்தன. அவருடைய அம்மா முகம் சுண்டிப் போயிருந்தது. தாய்மாமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா யாரைச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல் நின்றார். அத்தனை பேரிலும் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தது அவர் ஒருவர்தான். நான் கத்தியது அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

வாசல் வெளிச்சம் அவர் முகத்தில் விழும் இடமாகப் பார்த்து எதிரில் நின்றேன். போன வாரம் கோயிலில் என்ன கேட்டீர்கள், திரும்பச் சொல்லுங்கள் என்றேன். அவர் பெரியவர்களைப் பார்த்துக் கூச்சப்பட்டார். ஆனால் சொன்னார். மறுபடியும் அதே மாதிரிதான் உதடு அசைந்தது: "கத்துக்கிடுவோமான்னு கேட்டேன்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. எல்லாரையும் பார்த்து, பாருங்கள், அவர் பாடம் படிக்கத்தான் கேட்டிருக்கிறார் என்றேன். யார் முகமும் தெளியவில்லை. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா உள்ளே போய் என் பள்ளிக்கூடத்துச் சிலேட்டை எடுத்துவந்து பட்டாளத்துக்காரர் கையில் கொடுத்தாள். அவர் எழுதினார்: 'கட்டிக்கிடுவோமா.'

கண்ணாடியில் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தாலும் இந்த இரண்டு வார்த்தைக்கும் வாய் வித்தியாசம் காட்டாது. சிலேட்டை வாங்கி அதன் கீழே, 'நான் கத்துக்கிடுவோமான்னு நெனச்சேன்' என்று எழுதிக் காட்டினேன். அவர் படித்தார். காது முதல் கழுத்து வரை சிவந்துபோனார். எழுந்து நின்று அப்பாவைக் கும்பிட்டார்.

"தப்பு எம்மேலதான். மன்னிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொள்ளும்படி தன் அம்மாவுக்குக் கையைக் காட்டினார்.

அவருடைய அம்மா தட்டில் கை வைப்பதற்குள் எனக்கு என்னென்னவோ ஞாபகம் வந்தது. சனிக்கிழமை காலையில் சடையை இரண்டு தடவை அவிழ்த்துப் பின்னுவேன். புரிந்த வார்த்தையைக்கூடப் புரியவில்லை என்று சொல்லி இன்னொரு தரம் சொல்லவைத்திருக்கிறேன். காய்ச்சலுக்குப் பிறகு என்னை ஒருவர் பெண் கேட்டு வருவார் என்ற எண்ணத்தையே நான் மூட்டை கட்டிப் போட்டிருந்தேன். அதனால் எதிரிலேயே இருந்ததை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அவர் கையைக் கூப்பியபடி நின்றார். இவர் இப்போது போய்விட்டால் அடுத்த சனிக்கிழமை யாருக்கு எதிரில் உட்காருவேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றிய மறுகணம், சனிக்கிழமை மட்டும் எனக்குப் போதாது என்பதும் விளங்கியது.

சிலேட்டில் நான் எழுதிய வரியில் 'த்து'வைக் கட்டைவிரலால் அழித்தேன். அந்த இடத்தில் 'ட்டி' என்று எழுதி அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். டீச்சர் சொல்லிக் கொடுத்ததை அவர் மறக்கவில்லை. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டி, "இதைத்தானே சொன்னீங்க?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவருடைய அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு என் ஈரத் தலையில் பூவை வைத்தாள்.

அடுத்த வகுப்பில் டீச்சர் என்னை நிறுத்திவைத்துத் திட்டினாள். முதல் நாள் பாடத்தையே மறந்துவிட்டீர்களே அக்கா என்றாள். அவள் திட்டுவது முழுக்க எனக்கு விளங்கியதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு முழுவதும் கத்து, கட்டி, கத்து, கட்டி என்று சமையல்காரர் உட்பட மூன்று பேரும் கண்ணாடி பார்த்துச் சொன்னோம். ஒரு பிரயோசனமும் இல்லை.

தை மாசம் கல்யாணம் வைத்தார்கள். டீச்சருக்கு ஒரு கவலை வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஐயர் கேட்கிற கேள்வி புரியாமல் சம்மதம் சொன்னால் அது எப்படிச் செல்லும் என்று அண்ணனிடம் போய்க் கேட்டாள். எழுதிக் காட்டுகிறேன் என்றாராம் ஐயர். ஆண்டவர் சந்நிதியில் சிலேட்டா என்றாளாம் இவள். இரண்டு நாள் அவர் தங்கையோடு பேசவில்லை.

கல்யாணத்தன்று கோயிலுக்குள் போனபோது, பலிபீடத்துக்கு முன்னால் அங்கி போட்டுக்கொண்டு யாரோ புது ஆள் நின்றார். பக்கத்தில் போன பிறகுதான் ஐயர் என்று தெரிந்தது. மீசை போன இடம் மட்டும் வெள்ளையாக, பத்து வயது குறைந்து இருந்தார். அவருடைய வாயை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். முன்பல் இரண்டுக்கு நடுவே சின்ன இடைவெளி. ஒவ்வொரு வார்த்தையையும் எங்களைப் பார்த்து நிதானமாக, தெளிவாகச் சொன்னார். மனசாரச் சம்மதமா என்று கேட்டார். நான் சொன்ன 'சம்மதம்' வெளியே பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த சமையல்காரரின் ஆட்களுக்குக் கேட்டதாம். மாப்பிள்ளை சொன்னது முதல் வரிசைக்கே கேட்கவில்லை. டீச்சர் எழுந்து நின்று உள்ளங்கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டினாள், இன்னும் சத்தமாக என்று. இரண்டாவது தரம் அவர் போட்ட சத்தத்தில் கைப்பிள்ளைகள் அழுதன. ஐயரும் சிரித்துவிட்டார். மீசை இல்லாததால் அவரால் அதை மறைக்க முடியவில்லை.

சாயங்காலத்துக்கு முன்னால் மாப்பிள்ளை ஊருக்குப் புறப்பட்டோம். பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிய பஸ் அது. நல்ல கூட்டம். நான் பின்னால் மாமியார் பக்கத்தில், அவர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில். பஸ் போட்ட சத்தத்தில் ஒருவர் பேசியது ஒருவருக்கும் கேட்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. எல்லாரும் காதருகில் வாயை வைத்துக் கத்திக் கத்திக் களைத்து, கடைசியில் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். வழிநெடுகப் பேசிக்கொண்டே போனோம். பருத்தி பூத்து நின்ற அந்தக் காடு அவருடைய சித்தப்பாவினுடையது. கம்மம்பயிரில் நின்ற கழுதை அவர்களுடையது அல்ல. அவர்கள் வீட்டில் இரண்டு ஆடு உண்டு, ஒன்று முட்டும். எனக்கு முட்டுகிற ஆட்டைப் பற்றி இன்னும் தெரிய வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

திருச்சுழி வந்ததும் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நாங்கள் மட்டும் ஆட்டுக் கதையை முடிக்காமல் உட்கார்ந்திருந்தோம். மாமியார் எழுந்து எங்கள் இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி நடுவில் வந்து நின்றாள். வெளிச்சம் அவள் முகத்தில் நன்றாக விழுந்தது. கத்தவில்லை, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"மிச்சத்த வீட்டுல போய்ப் பேசிக்கிடுங்க. இப்ப மூட்டையத் தூக்குங்க."

இரண்டு பேருக்கும் முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.